ஊட்டி மலை ரயில்: ஏறிப் போவதா, இறங்கி வருவதா, குன்னூரில் ஏறிக்கொள்வதா?

கோடை விடுமுறைக்கு ஊட்டி என்று முடிவாகிவிட்ட வடசென்னை வீடுகளில் அடுத்த வாக்குவாதம் பெரும்பாலும் மலை ரயிலைப் பற்றியதாகவே இருக்கிறது. பிள்ளைகள் மேட்டுப்பாளையத்திலிருந்தே ரயிலில் ஏற வேண்டும் என்பார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி, அவ்வளவு நேரம் மரம்போல உட்கார முடியாது என்பார். செலவுக் கணக்குப் பார்ப்பவர் பேருந்தே போதும் என்பார். இடையில் ஒரு சித்தப்பா, குன்னூரில் ஏறினாலும் அது மலை ரயில்தானே என்று சமாதானம் சொல்வார். பெரம்பூரில் நான் குடியிருக்கும் தெருவில் மட்டும் இந்த ஆண்டு மூன்று குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னிடம் வந்தன. அந்தப் பாதையில் ஏறியும் இறங்கியும் பார்த்தவன் என்பதாலும், இரண்டு முறை கணக்கைத் தப்பாகப் போட்டு அவதிப்பட்டவன் என்பதாலும், நான்கு வழிகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன்படும் என்று தோன்றியது.

## பல்சக்கரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பயணச்சீட்டு எடுத்தவர்களே பின்னால் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள்.

நீலகிரி மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, 2,203 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது முடிகிறது. வழியில் 208 வளைவுகளும் 16 குகைப்பாதைகளும் 250 பாலங்களும் இருக்கின்றன. 1854ஆம் ஆண்டிலேயே இப்படியொரு பாதையைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதிலும், மலையின் செங்குத்துக்குப் பயந்து வேலை 1891 வரை தள்ளிப்போனது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் ரயில் எட்டியது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த 46 கிலோமீட்டர் முழுவதிலும் பல்சக்கரம் வேலை செய்வதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதரை. அங்கே எஞ்சின் மற்ற எஞ்சின்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு அருகருகே தொடங்குகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை தள்ளித்தள்ளிப் பதிக்கப்பட்டிருப்பதால், எஞ்சினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டிய ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். குன்னூருக்கு வந்ததும் பட்டைகள் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து ஊட்டி வரை ஏற்றம் இருந்தாலும் அது இருபத்தைந்து அடிக்கு ஓரடி என்ற அளவைத் தாண்டாததால், சாதாரணச் சக்கரமே போதுமானதாகிறது.

ஆகவே சித்தப்பா சொல்வதில் பாதிதான் உண்மை. குன்னூரில் ஏறினாலும் அது மலை ரயில்தான். ஆனால் பல்சக்கர ரயில் ஆகாது. முதல் தடவை நான் செய்த தவறும் இதுவே. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பல் வைத்த தண்டவாளத்தைப் பற்றி ஊர்ப்பட்ட கதை சொல்லியிருந்தேன். வெலிங்டன் நிலையத்தில் இறங்கி எட்டிப்பார்த்த என் மகள், “பல் எங்கேப்பா?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

## எவற்றை வைத்து எடை போடுவது

பயணக் கட்டணத்தை நான் முதல் அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் ஊட்டிச் செலவில் தங்குமிடமும் உணவும் உள்ளூர் வாடகை வண்டியுமே பெரிய பங்கை விழுங்கிவிடுகின்றன. முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழியில் கல்லாறு–குன்னூர்ப் பகுதி அடங்குகிறதா என்பது. அடுத்தது, எத்தனை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும் என்பது. பெட்டிகளுக்குள் கழிப்பறை கிடையாது என்பதால் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதுவே முதன்மையான கேள்வியாகிவிடும். மூன்றாவது, உறுதியான இடம் கிடைக்கும் வாய்ப்பு. நான்காவது, சென்னையிலிருந்து செல்லும் வண்டியோடு அது எவ்வளவு இறுக்கமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பது: ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் போய்விடுமா, ஒரு கண்ணி மட்டும் போகுமா? மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பது கடைசி.

## வழி ஒன்று: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறிச் செல்வது

சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியளவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தை அடைகிறது. மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்பி நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக ஊட்டியில் நிற்கிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பல்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. மின்ட் தெருவில் மாலை நேரத்தில் ஆட்டோ போகும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரயிலை ரயிலுக்காகவே விரும்புபவருக்கு இதற்கு ஈடு வேறெதுவும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்றத்தில் எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. பின்னால் நின்று முட்டித் தள்ளுகிறது. ஏதாவது பிசகினாலும் பெட்டிகள் எஞ்சினை விட்டுப் பின்னோக்கி ஓடிவிட முடியாத ஏற்பாடு இது. இதனால் முன்னால் இருக்கும் பெட்டிக்கு எதிரே எஞ்சினோ புகையோ இல்லாமல் பாதை முழுவதும் திறந்து கிடக்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் அது. உயர் அழுத்த நீராவி முதலில் இரண்டு சிலிண்டர்களுக்குள் சென்று வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்து வெளிவரும் அதே நீராவி மற்ற இரண்டுக்குள் நுழைந்து பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கல்லாறைத் தாண்டியதும் எஞ்சினின் மூச்சு மாறுவதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் என்ற ரயில் பணிமனைகளின் சங்கொலியில் எழுந்து வளர்ந்த பெரம்பூர்க்காரர்களுக்கு அந்த மாற்றத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. புதியவை திருச்சி பொன்மலையில் கட்டப்பட்டவை. அண்மை ஆண்டுகளில் இந்தப் பாதைக்குப் புதிய பெட்டிகளைச் செய்து அனுப்பியது நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கடல் மட்டத்தில் வார்த்தெடுத்த பெட்டி ஏழாயிரம் அடி உயரத்தில் ஓடுகிறது.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீட் என்று ஆங்கிலேயத் தோட்டப் பெயர்களைச் சுமந்த சிறு நிலையங்களில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. ஹில்குரோவில் பயணிகளும் இறங்கித் தேநீர் குடிக்கலாம், கைகால்களை உதறிக்கொள்ளலாம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டாம். அங்குள்ள குரங்குகள் காசிமேட்டுப் பருந்துகளுக்குச் சளைத்தவை அல்ல. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த இடைவேளையைக் கழிப்பறைக்குப் பயன்படுத்திக்கொள்ளாதவர் பிறகு வருந்துவார்.

இனி மறைந்திருக்கும் விலை. இரவு முழுவதும் ரயிலில் குலுங்கி வந்த உடம்பை, முகம் கழுவவும் நேரமில்லாமல், இன்னும் ஐந்து மணி நேரம் குறுகலான இருக்கையில் உட்கார வைப்பதுதான் இந்த வழி. இரண்டு வண்டிகளுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசமே உண்டு. கோயம்புத்தூரில் காலையில் வந்து சேரும் பிற வண்டிகளில் சென்றால் 7.10 ரயிலைப் பிடிப்பது நடவாத காரியம். ஆகவே நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கவில்லையென்றால் முந்தின நாளே மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். அந்த அறை வாடகையும் ஒருநாள் விடுப்பும் மலை ரயில் கட்டணத்தோடு சேரும் கணக்கு. பெட்டியில் இடமும் மிகக் குறைவு. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ்களை நடைபாதையில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் மன்னிப்புக் கேட்டபடி பயணம் செய்ய வேண்டாம். தோளில் மாட்டும் பைகளே போதும்.

இந்த வழிக்கு ஆதரவாகப் பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஊட்டி விடுதிகள் பலவற்றில் நண்பகல் 12 மணிக்குத்தான் அறை தருவார்கள். மலை ரயில் உங்களைச் சரியாக அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பேருந்தில் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தவர் வரவேற்பறைச் சோபாவில் குளிரில் நடுங்கியபடி இருப்பார்.

## வழி இரண்டு: சாலையில் ஏறி, ரயிலில் இறங்கி வருவது

ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்குப் புறப்படும் வண்டி மாலை 5.35 அளவில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. அதே 46 கிலோமீட்டர், அதே குகைகள், அதே பல்சக்கரம். நேரம் மட்டும் ஏறுவதைவிட ஒரு மணிக்கும் மேல் குறைவு. முதியோரோடும் சிறு பிள்ளைகளோடும் போகிற குடும்பங்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். இது பலருக்கும் வியப்பாக இருக்கிறது. மலை ரயில் என்றால் ஏறுவதற்கு என்றே எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது.

இரண்டு நாள் ஊட்டியில் இருந்து களைப்பாறிய உடம்போடு, மதிய உணவையும் முடித்துக்கொண்டு இந்த வண்டியில் உட்காருகிறோம். குளிரிலிருந்து வெப்பத்துக்கு இறங்குவதால் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் உடையைக் கழற்றிப் பையில் போடலாம்: லவ்டேலில் மப்ளர், குன்னூரில் ஸ்வெட்டர், கல்லாற்றில் குல்லா. யூகலிப்டஸ், தேயிலை, அதற்குக் கீழே அடர்ந்த சோலை, கடைசியில் கல்லாற்றுப் பாக்குத் தோப்பு என்று மலையின் அடுக்குகள் மேலிருந்து கீழாகக் கண்முன் விரிகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக் பணியாளர் இருப்பார். இறக்கத்தில் அவருடைய வேலையைப் பார்ப்பதே தனி அனுபவம். எஞ்சின் தாங்கிப் பிடிக்க, இவர்கள் பெட்டி பெட்டியாக அடக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இழப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். ஏறும்போது கேட்கிற அந்த முனகலும் மூச்சிரைப்பும் இறங்கும்போது இல்லை. எஞ்சின் வேலை செய்கிறது என்பதைவிட எஞ்சின் நிதானமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். இறங்கும் திசையில் எஞ்சினே முன்னால் இருப்பதால் முன்பெட்டியின் திறந்த காட்சியும் இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பொழுது சீக்கிரம் சாய்வதால் கடைசி அரைமணி நேரப் பாதை மங்கலாகவே தெரியும்.

மறைந்திருக்கும் விலை இங்கே வேறு வகையானது. விடுதி அறையை முற்பகலிலேயே காலி செய்துவிட்டு, 2 மணி வரை மூட்டைகளோடு எங்கே இருப்பது என்பது முதல் தொல்லை. விடுதியிலேயே பைகளை வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் சென்னை வண்டி இரவு ஒன்பது மணியை ஒட்டித்தான் புறப்படும் என்பது அடுத்தது. அந்த மூன்றரை மணி நேரம் நீளமானதுதான். ஆனால் அதுவே இந்த வழியின் பலமும்கூட. மலை ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் சென்னை வண்டியைத் தவறவிட மாட்டீர்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காதவர்கள் பேருந்தில் 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோயம்புத்தூருக்குப் போய் சேரன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கவும் நேரம் இருக்கிறது. போகும்போதும் அப்படியே: சாலையில் ஏறுவதால் எந்த வண்டியில் கோயம்புத்தூர் வந்தாலும் சரிதான். கண்ணிகள் தளர்வாகவே இருக்கின்றன.

## வழி மூன்று: குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும்

குன்னூர்–ஊட்டி இடையே நாளொன்றுக்குப் பல வண்டிகள் ஓடுகின்றன. தூரம் 19 கிலோமீட்டருக்குள். நேரம் ஒரு மணியைச் சற்றுத் தாண்டும். அன்றன்றைக்கு நிலையத்திலேயே சீட்டு எடுத்துக்கொண்டு ஏறலாம் என்பதால், மாதக்கணக்கில் திட்டமிட முடியாத குடும்பங்களுக்கு இது கைகொடுக்கிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்ற வரிசையில் கேத்திப் பள்ளத்தாக்கு விரியும் இடம் ஒன்றுக்காகவே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம்.

பல்சக்கரம் இதில் இல்லை. பெரும்பாலும் நீராவியும் இல்லை. இவ்விரண்டையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வாடகை வண்டியோடு வந்துவிட்டவர்கள், அடிக்கடி கழிப்பறை செல்ல வேண்டியிருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே ஏற்றது. சொந்த வண்டியில் வந்தவர்கள் கவனிக்க வேண்டிய சிறு சிக்கல் ஒன்று: குடும்பத்தை ரயிலில் ஏற்றிவிட்டு ஓட்டுநர் தனியாக மலையேற வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருவர் இப்படித்தான் மனைவி மக்களை வழியனுப்பிவிட்டுத் தான் மட்டும் ரயிலைப் பார்க்காமலேயே பெரம்பூர் திரும்பினார். இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

## வழி நான்கு: ரயிலே வேண்டாம், பேருந்தோ காரோ போதும்

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டிக்கு அரசுப் பேருந்துகள் காலையிலிருந்தே புறப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் மேலே இருக்கலாம். எல்லாவற்றிலும் மலிவு இதுவே. பர்லியாற்றில் பருவத்தில் நிறுத்தினால் மங்குஸ்தான் பழம் வாங்கலாம் என்பது ரயில் பயணிக்குக் கிடைக்காத ஆதாயம்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளா. காலையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிய என் அம்மா ஐந்தாவது வளைவிலேயே அதற்கான விலையைக் கொடுத்தார். அது என் இரண்டாவது தப்புக் கணக்கு. தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் பார்வையை வைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் அதன் வளைவுகள் மெதுவானவை.

காரில் செல்பவர்களுக்கு இ-பாஸ் என்றொரு படி உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்கள் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்ற உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் செல்பவர்களுக்கு இது தேவையில்லை. மே மாத நெரிசலில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்தாக மாற்றுவதும் வழக்கம். நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், எவ்வழியில் சென்றாலும் எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்ல வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஏறும் ரயில் | இறங்கும் ரயில் | குன்னூர்–ஊட்டி | பேருந்து |
|---|---|---|---|---|
| பல்சக்கரப் பகுதி | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| உட்காரும் நேரம் | ஏறத்தாழ 5 மணி | மூன்றரை மணி | ஒரு மணிக்குச் சற்று மேல் | 2 முதல் இரண்டரை மணி |
| இடம் கிடைப்பது | மிகக் கடினம் | கடினம் | எளிது | எளிது |
| சென்னை வண்டியோடு பிணைப்பு | மிக இறுக்கம் | தளர்வு | இல்லை | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | மேட்டுப்பாளையத்தில் ஓரிரவு தங்க நேரிடலாம் | இரண்டு இடங்களில் காத்திருப்பு | குன்னூர் வரை தனிச் செலவு | அறை கிடைக்கும்வரை காத்திருப்பு |
| யாருக்கு | ரயில் பித்தர்கள் | முதியோர் உள்ள குடும்பம் | கைக்குழந்தை, திடீர்ப் பயணம் | சிக்கனம், அவசரம் |

## மழை வந்தால்

கல்லாறு–குன்னூர்ச் சரிவு வடகிழக்குப் பருவமழையை நேரே முகத்தில் வாங்குகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவினால் மேட்டுப்பாளையம்–குன்னூர் இடையே ரயில் நிறுத்தப்படுவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பது. சில நாட்களில் சரியாகிவிடும் ஆண்டுகளும் உண்டு. 2009 நவம்பர் போலப் பாதையே சிதைந்துபோன ஆண்டும் உண்டு. அந்த நாட்களில் முதல் இரண்டு வழிகளும் ஒரே அடியில் அடைபடும். குன்னூர்–ஊட்டி வண்டி மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். தீபாவளி விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் மூன்றாவது வழியை முதன்மையாக வைத்துக்கொண்டு, முழுப் பயணம் அமைந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சென்னையில் வெள்ளம் என்று ஊருக்குத் தப்பிப்போகிறவர்கள் அதே மழை மலையிலும் பெய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் என் விருப்பம். விடியற்காலையில் உறைபனி உண்டு, கூட்டம் இல்லை.

## “உச்சிக்கே போகும் ரயில் இல்லையா?”

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியும் வருகிறது. நீலகிரி ரயில் மலையுச்சியைத் தொடுவதில்லை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஊட்டியிலிருந்து சாலையில்தான் போக வேண்டும், சுமார் 10 கிலோமீட்டர். உச்சியிலேயே இறக்கிவிடும் பல்சக்கர ரயில்கள் அயல்நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவின் மவுன்ட் வாஷிங்டன் ரயில் 1869லிருந்து ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் ரயில் 1889லிருந்து ஓடுகிறது, நூறு மீட்டருக்கு 48 மீட்டர் உயரும் அதன் ஏற்றத்தின் முன்னால் நம்முடையது தாழ்வாரப் படிதான். ஆயினும் ஓர் ஆறுதல்: மவுன்ட் வாஷிங்டனின் உச்சி 1,917 மீட்டர், பிலாட்டஸின் உச்சி 2,128 மீட்டர். இரண்டுமே ஊட்டி ரயில் நிலையத்தின் நடைமேடையைவிடத் தாழ்ந்தவை. உண்மையிலேயே உயரம் வேண்டும் என்றால் 3,089 மீட்டரிலுள்ள கோர்னர்கிராட் இருக்கிறது. அதற்கு விசா வேண்டும், கட்டணமும் சுவிஸ் பிராங்கில். இந்தியாவுக்குள் பல்சக்கரம் வேண்டுமென்றால் நீலகிரி ஒன்றுதான். டார்ஜிலிங் ரயில் இதைவிட உயரத்தைத் தொட்டாலும், சுற்றியும் முன்பின்னாகத் திரும்பியும்தான் ஏறுகிறது. கல்காவிலிருந்து சிம்லா செல்லும் ரயிலுக்கும் பல் இல்லை.

## சீட்டு எடுக்கும் காலை

முன்பதிவு வரம்பு 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. காலை 8 மணிக்குத் திறக்கும். இதில் முதல் இரண்டு வழிகளுக்கும் இடையே பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவே தீர்ப்பைச் சாய்க்கும் கல்.

ஏறிச் செல்லும் வழியில் சென்னை வண்டி ஒரு தேதியிலும், மலை ரயில் மறுநாள் தேதியிலும் புறப்படுகின்றன. ஆகவே சென்னை வண்டிக்கு முன்பதிவு ஒருநாள் முந்தித் திறந்துவிடுகிறது. மலை ரயிலில் இடம் கிடைக்குமா என்று தெரியாமலே குடும்பத்துக்கே சென்னைச் சீட்டுகளை வாங்கியாக வேண்டும். மறுநாள் மலை ரயில் கைவிட்டால், ஒன்று சென்னைச் சீட்டுகளை ரத்துசெய்து கட்டணத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டும், அல்லது அதையே வைத்துக்கொண்டு பேருந்துக்கு மாற வேண்டும். இறங்கி வரும் வழியில் மதிய மலை ரயிலும் இரவுச் சென்னை வண்டியும் ஒரே தேதிக்கு உரியவை. இரண்டும் ஒரே காலையில் திறக்கின்றன. முதலில் மலை ரயிலை எடுங்கள், உறுதியானால் சென்னை வண்டியை எடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் மறுபடி முயலலாம். ஒரு ரூபாயும் இழப்பில்லை. காத்திருப்போர் பட்டியலில் கிடைத்த இணையச் சீட்டு, புறப்பாட்டுக்கு முன் பயணிகள் பட்டியல் தயாராகும்போதும் உறுதியாகவில்லையென்றால் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை நம்பி மேட்டுப்பாளையத்துக்குப் புறப்பட வேண்டாம்.

மேற்சொன்ன மூன்று குடும்பங்களில் இரண்டு இறங்கி வரும் வழியைத் தேர்ந்தெடுத்தன. மூன்றாவது குடும்பத்தில் ஐ.சி.எஃப்.இல் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் சொன்ன அத்தனை கணக்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தின நாளே மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, ஏறித்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். அவரிடம் நான் மறுத்துப் பேசவில்லை.